கேம்பேடைச் சரிபார்த்த பிறகே களமிறங்கட்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் என்ற ரோபோ போட்டிக்கு மாணவர்களைத் தயார்ப்படுத்தும் பள்ளிகள், ரோபோவைக் கட்டுவதில் காட்டும் அக்கறையை அதை ஓட்டும் கையடக்கக் கட்டுப்பாட்டுக் கருவியான கேம்பேடிலும் காட்ட வேண்டுகிறேன். லாஜிடெக் எஃப்310 கேம்பேடாக இருந்தால், அதன் பின்புறச் சுவிட்ச் 'எக்ஸ்' பக்கம் இருக்க வேண்டும். ஸ்டார்ட் பொத்தானுடன் 'ஏ' பொத்தானை அழுத்தினால் அந்தக் கேம்பேட் முதல் ஓட்டுநருக்கும், 'பி' பொத்தானை அழுத்தினால் இரண்டாமவருக்கும் ஒதுக்கப்படும். கேம்பேடின் குச்சியை முழுவதும் முன்னால் தள்ளும்போது கிடைக்கும் மதிப்பு −1 என்பதால், நிரலில் அந்தக் குறியை மாற்றாவிட்டால் ரோபோ பின்னோக்கி ஓடும். காரணம் புரியாத பிள்ளைகள் மோட்டார் இணைப்புகளைக் கழற்றிப் பார்த்துத் தவிப்பது வேதனை தருகிறது. ஓர் ஆட்டத்தில் கைகளால் ஓட்டக் கிடைப்பதோ 2 நிமிடம்தான். ஆகவே, இந்தச் சோதனையைப் பயிற்சியின் முதல் நாளிலேயே முடித்துவிட்டு, மீதி நாட்களை ஓட்டுநர்களின் கைப்பழக்கத்துக்கு ஒதுக்குமாறு பள்ளிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியர் ஒருவர்,
கோயம்புத்தூர்