அந்தக் குடைக் கூரையை இடிக்காதீர்கள்

நியூயார்க்–நியூஜெர்சி துறைமுக ஆணையத்தாருக்கு,

வணக்கம். கென்னடி விமான நிலையத்தின் மூன்றாம் டெர்மினல் பற்றித்தான் இந்த மடல். 2013 மே 23 இரவோடு அதை மூடினீர்கள். அடுத்தது இடிப்பு. இந்த ஜூன் மாதம் தேசிய வரலாற்றுச் சின்னப் பாதுகாப்பு அறக்கட்டளை, அழியும் நிலையில் உள்ள 11 இடங்களின் பட்டியலில் அதையும் சேர்த்தது. அந்த அழிவு வெள்ளத்தாலோ நிலநடுக்கத்தாலோ வரப்போவதில்லை, இந்த விமான நிலையத்தை நடத்தும் உங்கள் கையெழுத்தால் வரப்போகிறது. அதனால் உங்களிடமே கேட்கிறேன்: 1960-இல் பான் ஆம் விமான நிறுவனம் கட்டிய அந்த நீள்வட்டக் கட்டடத்தை மட்டுமாவது விட்டுவையுங்கள்.

அதன் பெருமையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கூரையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. 4 ஏக்கர் கூரை. 32 தூண் வரிசைகளும் இரும்பு வடங்களும் இழுத்துப் பிடிக்க, சுவரைத் தாண்டி 100 அடிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. விமானம் அதன் அடியில் வந்து நிற்கும். பயணி மழையில் நனையாமல் ஏறிக்கொள்ளலாம். அதற்காகத்தான் அத்தனை பெரிய குடை. கடைசிக் காலத்தில் அந்தக் குடையே ஒழுகியது. பயணம் போக வந்தவர்கள் உள்ளே வாளிகளைச் சுற்றி நடந்தார்கள். ஒழுகுகிறது, நெரிசல், பழசு என்று எல்லாரும் திட்டினார்கள். திட்டட்டும் என்று விட்டுவிட்டு, இப்போது அதையே காரணமாகச் சொன்னால் எப்படி? மழைக்கு ஒழுகினால் ஓடுகளை மாற்றுவார்கள். வீட்டையா இடிப்பார்கள்?

நான் 1986-இல் பம்பாயில் ஏறி, கராச்சி, ஃபிராங்க்ஃபர்ட் வழியாக வந்து இங்கே இறங்கியவன். கையில் இரண்டு பெட்டி, ஒரு ஊறுகாய் ஜாடி. அமெரிக்கா என்று நான் முதலில் பார்த்தது இந்தக் கட்டடத்தைத்தான். பீட்டில்ஸ் இசைக்குழு 1964 பிப்ரவரியில் பான் ஆம் விமானத்தில் வந்து இறங்கியதும் இதே கென்னடியில்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர்களுக்கு வெளியே கூட்டம் காத்திருந்தது, எனக்கு என் மாமா காத்திருந்தார்.

அப்புறம், இடித்துவிட்டு அங்கே என்ன கட்டப்போகிறீர்கள்? ஒன்றுமில்லை. விமானம் நிறுத்த வெறும் தரை. இடம் வேண்டுமென்றால் 747 ஜம்போ விமானம் வந்த காலத்தில், 1970-களின் தொடக்கத்தில் ஒட்டவைத்த பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் மறிக்கப் போவதில்லை. நடுவில் உள்ள பழைய நீள்வட்டத்தை மட்டும்தான் கேட்கிறோம்.

இதே வளாகத்தில் கட்டடக் கலைஞர் ஐ.எம்.பெய் வடிவமைத்த ஆறாம் டெர்மினல் 2011-இல் போனது. அதைக் கட்டிய நேஷனல் ஏர்லைன்ஸும் முன்பே போய்விட்டது. டி.டபிள்யூ.ஏ விமான நிறுவனத்தின் டெர்மினலை நகரம் 1994-இல் சின்னமாக அறிவித்ததால் அது பிழைத்தது. ஒன்றைக் காப்பாற்றினால் இரண்டை இடிக்கலாம் என்று ஏதாவது கணக்கு வைத்திருக்கிறீர்களா? இதே நகரத்தின் லாகார்டியா விமான நிலையத்தில், தண்ணீரில் இறங்கும் பான் ஆமின் 'பறக்கும் படகு' விமானங்களுக்காகக் கட்டிய மரைன் டெர்மினலில் ஜேம்ஸ் புரூக்ஸ் வரைந்த சுவரோவியம் இருக்கிறதே, 1950-களில் அதன் மேல் பெயின்ட் அடித்து மறைத்தார்கள். 1980-இல் வேறு சிலர் பொறுமையாகச் சுரண்டி அதை மீட்டார்கள். பெயின்டைச் சுரண்டலாம். இடித்துப்போட்ட கட்டடத்தில் எதைச் சுரண்டுவது? மூன்றாம் டெர்மினலின் முகப்பில் இருந்த ராசிச் சிற்பங்களைக் கழற்றினார்களே, அன்றே அதற்கு ராசி போய்விட்டதோ என்னவோ.

சரி, கோபத்தில் பேச்சு எங்கோ போய்விட்டது, மன்னிக்கவும். பான் ஆம் 1991-லேயே மூடிவிட்டது. அந்தப் பெயருக்காக வாதாட இன்று ஒரு நிறுவனம் இல்லை. அந்த வழியாக வந்தவர்களும் அங்கே வேலை பார்த்தவர்களும்தான் இருக்கிறோம். இயந்திரங்களைக் கொஞ்ச நாள் நிறுத்திவைத்து, எங்களை ஒரு முறை கூப்பிட்டுப் பேசுங்கள். அந்த நீள்வட்டத்தை விட்டுவையுங்கள் என்று தாழ்மையுடன் மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குயின்ஸிலிருந்து ஒரு பழைய பயணி
2013 ஜூன்