சின்னம்மாவுக்கு ஒரு பை

வின்னிபெக், கனடா,
மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகிறது. பொங்கலுக்கும் நான் எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். போன் போட்டால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாய், அதனால்தான் காகிதம்.

சின்னம்மாவுக்கு மார்ச் கடைசியில் கீமோ ஆரம்பம் என்று எழுதியிருந்தாய். நாலு தடவை படித்தேன்.

இங்கே காலையில் மைனஸ் 24. மூக்கு மயிர் உறைந்து முள்ளாய்க் குத்துகிறது. ஆயாவிடம் சொன்னால் நம்பாது. மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை. புளி கிடைக்கிறது, ரசம் வைக்கிறேன்.

நான் தாளித்தால் தரையைத் தடியால் தட்டும் மேல்வீட்டுக் கிழவி ஞாபகம் இருக்கிறதா? அது நாளெல்லாம் குல்லா பின்னுகிறது, கீமோ ஆரம்பிக்கிறவர்களுக்குச் சும்மா கொடுக்க. ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் கூடிப் பை கட்டுவார்கள். உன் கடிதம் வந்த வாரம் நானே போய்க் கதவைத் தட்டினேன்.

ஒரு குல்லாவைக் கொடுத்து, உள்பக்கத்தைக் கன்னத்தில் தேய்த்துப் பார் என்றது. முடி கொட்டின மண்டையில் ஒரு முடிச்சு உறுத்தினாலும் தூக்கம் போய்விடுமாம். பரவாயில்லை என்று நான் எடுத்து வைத்த மூன்றில் இரண்டைத் தள்ளிவிட்டது. பையில் வாசனையில்லாத க்ரீம், ஏனென்றால் வாசனைக்கே குமட்டும். மெத்தென்ற பல் பிரஷ், காலுறை, உதட்டுக்குத் தடவ ஏதோ. பிளாஸ்டிக் ஸ்பூன் எதற்கு என்று கேட்டேன். சிலருக்கு வாயெல்லாம் இரும்பு ருசியாகி, எவர்சில்வர் ஸ்பூனே ஆகாதாம்.

கடைசியாக இஞ்சி மிட்டாய். நம்ம குடியாத்தம் பஸ்ஸில் ‘இஞ்சி மொரப்பா’ என்று ஏறிக் கூவுவானே, அந்தக் குரல் அப்படியே கேட்டது அக்கா. ஒன்றை வாயில் போட்டேன். அதற்கப்புறம் கிழவி எனக்காக ரொம்ப நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றது.

பார்சல் போட விசாரித்தேன். காசுக்காக இல்லை, நம்ம வெயிலுக்குக் கம்பளிக் குல்லா எதற்கு என்றுதான் விட்டுவிட்டேன். நீயே கட்டிவிடு. ஆயாவின் பழைய நூல் சேலை துவைத்துத் துவைத்துப் பூவாய்க் கிடக்குமே, அதைத் தலைக்குச் சதுரமாய்க் கிழி. ஓரம் தைத்தால் மடிப்பு வெளிப்பக்கம் இருக்கட்டும். முதல் மருந்து ஏறி இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்ட ஆரம்பிக்குமாம், அதற்குள் தயாராக வை. குமட்டலுக்கு மொரப்பா கொடுக்கலாமா என்று நர்ஸை ஒரு வார்த்தை கேட்டுக்கொள். வாய் புண்ணானால் அந்தக் காரம் வேண்டவே வேண்டாம்.

பை இரண்டாகக் கட்டு. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி வரிசையில் பாஷை தெரியாமல் உன் கையைப் பிடித்துக்கொண்ட அந்த வங்காளத்து அம்மாவுக்கு ஒன்று. லாட்ஜ் அறையில் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

மாமாவிடம் சொல், இந்த மாதம் ஓவர்டைம் கொஞ்சம் குறைவு, 8,000 ரூபாய்தான் அனுப்பியிருக்கிறேன். தறிக் கடன் வட்டியைத் தள்ளிப்போட்டாலும் சின்னம்மா பஸ்ஸில் நிற்கக் கூடாது, ஆட்டோ வையுங்கள். ஆற்றோரத்து நிலத்துக்குப் பெரியப்பா கையெழுத்துக் கேட்டால், தம்பி வரட்டும் என்று மட்டும் சொல். பட்டா ஆயாவின் டிரங்குப் பெட்டியில், கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில் இருக்கிறது. எடுத்து உன் வீட்டில் வைத்துக்கொள்.

உன் தம்பி