சோளகத்தில் இழுபடும் வள்ளங்களுக்கும் செய்மதிக் கருவி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஜேர்மனியிலிருந்து என் மருமகன் வந்திருந்தான், அக்காவின் மகன். விடுமுறை நாட்களில் அங்கே கிளைடர் ஓட்டுகிறான். எஞ்சின் இல்லாத விமானம் அது, காற்று கைவிட்டால் கிடைத்த வயலில் இறங்க வேண்டியதுதான்.

அவன் பையில் இருந்த, ஆபத்தில் உதவி கேட்கும் மஞ்சள் கருவியை வாங்கிப் பார்த்தேன். சிகரெட் பெட்டியளவு. அன்ரனா அளவுநாடாத் தகடு மாதிரி மடிந்திருந்தது. விமானத்தில் பூட்டாமல் பரசூட் வாரிலேயே கொளுவி வைப்பானாம். குதிக்க நேர்ந்தால் ஆளோடு கருவியும் வர வேண்டுமே. பொத்தானை அழுத்திவிட்டால் 406 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் சுமார் 50 செக்கனுக்கு ஒரு தடவை, குறைந்தது 24 மணித்தியாலம் செய்மதியைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். மாதக் கட்டணம் இல்லை.

இன்னொரு கருவி சில நிமிடத்துக்கு ஒரு தடவை அவன் இருக்கும் இடத்தை அனுப்பும். அதற்குக் கட்டணம் உண்டு. அக்கா குசினியில் நின்று போனில் அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருப்பாவாம். மயங்கிக் கிடப்பவனால் பொத்தானை அழுத்த முடியாது, கடைசிப் புள்ளியாவது எங்கே தேடுவதென்று சொல்லும் என்றான். கிளைடரில் 15,000 மீற்றருக்கு மேல் ஏறிச் சாதனை படைத்த ஸ்டீவ் ஃபோசெட் 2007 செப்டெம்பரில் சிறு விமானம் ஒன்றில் போய்க் காணாமற்போனார். சிதைவுகள் கிடைக்க ஒரு வருடத்துக்கு மேலானது.

அதைக் கேட்டபோது எனக்கு என் இரண்டு இரவுகள்தான் நினைவுக்கு வந்தன. நாலு வருடத்துக்கு முன் முல்லைத்தீவிலிருந்து பைபர் வள்ளத்தில் போன எங்கள் இருவருக்கும் நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டது. சோளகக் காலம். காற்று கரையிலிருந்து வெளியே தள்ளுகிற காலம். பொலித்தீன் பையில் சுற்றி வைத்த போனில் சிக்னல் ஒரு கோடும் இல்லை. முதல் இரவு கரை வெளிச்சம் தெரிந்தது, அடுத்த இரவு அதுவும் இல்லை. தண்ணீரைப் போத்தல் மூடியால் அளந்து குடித்தோம். தேடி வந்த வள்ளங்கள் வலை போட்ட இடத்தையே சுற்றியிருக்கின்றன, நாங்களோ கிழக்கே வெகுதூரம். மூன்றாம் நாள் ஒரு பலநாட் படகு கண்டது. என் மனைவி அதற்குள் பொட்டை அழித்துவிட்டிருந்தா.

பலநாட் படகுகளுக்குச் செய்மதிக் கண்காணிப்புக் கருவி கட்டாயமாகி வருடங்கள் ஆகின்றன. எங்களைப் போன்ற ஒருநாள் வள்ளங்களுக்கு எதுவும் இல்லை. நம் கடலில் அழுத்தும் சமிக்ஞையும் வீண்போகாது. இந்தச் சமிக்ஞைகளைச் செய்மதி வழியாக வாங்கும் பெங்களூர் இந்திய நிலையத்தின் சேவை எல்லைக்குள் இலங்கையும் வருகிறது, அங்கிருந்து நம் நாட்டு மீட்புப் பிரிவுக்கு அறிவிப்பார்கள்.

ஆளுக்கொன்று வாங்க எங்களால் முடியாது. கடற்றொழிலாளர் சங்கம் அந்த மஞ்சள் கருவியில் பத்து வாங்கி, கடலுக்குப் போகும்போது கொடுத்து, வந்ததும் வாங்கி வைக்கலாம். அதற்கு வரிவிலக்கு வேண்டும். இலங்கைக் குறியீட்டோடு பதிவு செய்து, பதிவில் வீட்டுத் தொலைபேசி இலக்கத்தையும் சேர்க்க வேண்டும். வெளிநாட்டு உறவுகளுக்கும் ஒரு சொல்: மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய 121.5 மெகாஹேர்ட்ஸ் கருவிகளை அனுப்பாதீர்கள். 2009 பெப்ரவரி 1 முதல் செய்மதிகள் அந்த அலைவரிசையைக் கவனிப்பதில்லை.

எங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை எழுத்தில் கொடுக்கப்போகிறேன். கொக்கிளாய், நாயாறு, மாத்தளன் பக்கத்துச் சங்கங்களும் கொடுத்தால் திணைக்களத்திடம் ஒன்றாகப் போகலாம்.

கடற்றொழிலாளி ஒருவர்,
முல்லைத்தீவு