அபராதப் பட்டியலோடு நிறுத்திவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாலை விதிமீறல்களுக்கான அபராதத் தொகைகளைச் சென்ற இதழில் அட்டவணையாகப் போட்டிருந்தீர்கள். ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000 ரூபாய், லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000, குடித்துவிட்டு ஓட்டினால் 10,000, ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டாலும் 10,000. தகவலில் பிழை இல்லை. ஆனால் அதே மோட்டார் வாகனச் சட்டத்தில் வண்டி ஓட்டுபவருக்கும் வழியில் போகிறவருக்கும் பாதுகாப்பாக இருக்கும் பிரிவுகளும் உண்டு. அவற்றில் ஒன்றுகூட உங்கள் அட்டவணையில் இல்லை. உங்களை மட்டும் சொல்லவில்லை. சிக்னலில் வைக்கும் தட்டி முதல் டிவி செய்தி வரை எல்லோரும் நமக்குச் சொல்வது சட்டத்தின் தண்டனைப் பக்கத்தைத்தான்.

சென்னை புரசைவாக்கத்தில் ஜெராக்ஸும் பிரவுசிங்கும் சேர்ந்த ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். சலான் கட்ட, எல்.எல்.ஆர். பதிய, வாடகை ஒப்பந்தம் டைப் அடிக்க வருகிறவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். "அக்கா, செருப்பு போட்டு வண்டி ஓட்டினா ஃபைனாமே?" என்று இன்னமும் கேட்கிறார்கள். செருப்புக்கும் லுங்கிக்கும் அரைக்கைச் சட்டைக்கும் அபராதம் கிடையாது என்று மத்திய போக்குவரத்து அமைச்சரின் அலுவலகம் 2019லேயே விளக்கம் கொடுத்துவிட்டது. வதந்தி எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது, விளக்கம் சேரவில்லை. லுங்கி கட்டியவரைப் பிடிப்பதென்றால் வடசென்னையில் பாதிப்பேர் வண்டியை வீட்டில்தான் நிறுத்த வேண்டும்!

குழப்பத்துக்கு இன்னொரு காரணம், எந்த மாநிலத்து விதி என்று பார்க்காமல் செய்தியைத் தட்டிவிடுவது. புதிய அபராதங்கள் 2019 செப்டம்பர் 1 அன்று நாட்டில் நடைமுறைக்கு வந்தன. தமிழ்நாடு அவற்றை 2022 அக்டோபரில்தான் அமல்படுத்தியது. குஜராத்தும் கர்நாடகமும் இடையில் சில தொகைகளைக் குறைத்துக்கொண்டன. நீதிமன்றத்துக்குப் போகாமல் கட்டித் தீர்க்கும் தொகையை மாநில அரசு முடிவு செய்யலாம், யார் வசூலிக்கலாம் என்பதையும் மாநில அரசே அறிவிக்க வேண்டும் என்று பிரிவு 200 சொல்கிறது. ஆகவே டெல்லியில் எடுத்த யூடியூப் வீடியோவைப் பார்த்துவிட்டு வேப்பேரியில் வாதாட முடியாது. மது விஷயமும் அப்படித்தான். புதுச்சேரியில் 18 வயதில் வாங்கலாம், இங்கே 21 ஆக வேண்டும். சனிக்கிழமை இ.சி.ஆரில் கிளம்பிப் போய் அங்கே வாங்கிய பாட்டிலோடு தமிழக எல்லைக்குள் நுழைந்தால், 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் செக்போஸ்டிலேயே காத்திருக்கும். கல்லூரிப் பையன்கள் பலர் இதைப் பிடிபட்ட பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

சரி, வண்டிச் சோதனைக்கு வருகிறேன். சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி கேட்டால் லைசென்ஸைக் காட்டுவது நம் கடமை. அதை அசலாகக் காட்டினாலும், அரசின் டிஜிலாக்கர், எம்-பரிவாஹன் செயலிகளில் காட்டினாலும் செல்லும். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 139ஆவது விதியை 2018இல் திருத்தி, மின்னணு வடிவத்தையும் சேர்த்துவிட்டார்கள். ஆனாலும் ஆர்.சி. புத்தகத்தை கலர் ஜெராக்ஸ் எடுத்து லேமினேட் செய்து தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்கள் குறையவில்லை. என் வியாபாரம் கெட்டாலும் பரவாயில்லை, அந்த ஜெராக்ஸை ஆவணமாக யாரும் ஏற்க வேண்டியதில்லை என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். லைசென்ஸைப் பிடித்து வைத்துக்கொண்டால் அதற்குத் தற்காலிக ரசீது தர வேண்டும், அந்த ரசீதை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டலாம் என்று பிரிவு 206 சொல்கிறது. வண்டியையே பிடித்து வைப்பதற்குப் பதிவு இல்லை, பெர்மிட் இல்லை, லைசென்ஸ் இல்லை என்பது போன்ற காரணங்கள் பிரிவு 207இல் இருக்கின்றன. சாவியைப் பிடுங்கலாம் என்று எந்தப் பிரிவிலும் எழுதவில்லை. ரசீது கேட்டால் சண்டைக்காரன் என்று பார்ப்பார்களே என்கிற தயக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. மரியாதையாகவே கேட்கலாம். ஆனால் கேட்கலாம் என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டுமே.

கேமரா பிடித்த விதிமீறல் என்றால், 15 நாளுக்குள் நோட்டீஸ் வர வேண்டும், அதில் படம், இடம், நேரம், மீறிய பிரிவு எல்லாம் இருக்க வேண்டும் என்பது விதி 167ஏ. வந்த சலானை ஏற்க முடியாவிட்டால் மறுக்கலாம். வண்டியை வேறொருவருக்கு விற்று ஆர்.சி. மாற்றாமல் விட்டவர்களுக்குத்தான் இங்கே பெரிய தலைவலி. யாரோ தாண்டிய சிவப்பு விளக்குக்கு இவர் பெயரில் சலான் வரும். இந்தப் பயத்தில் காசு பார்க்கும் கூட்டமும் இருக்கிறது. "உங்கள் வண்டிக்கு அபராதம் நிலுவை" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செயலியை அனுப்புவார்கள். தட்டினால் போதும், வங்கிக் கணக்கு காலி. சலானை அரசின் பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும் என்பதை நீங்கள் மாதம் ஒருமுறை அச்சிட்டாலும் தகும்.

ஆனால் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது வேறு ஒன்று. சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்க இந்த ஊர் இன்னும் பயப்படுகிறது. "தொட்டா கோர்ட்டுக்கு அலைய விடுவாங்க" என்று பெரியவர்கள் சொல்லிச் சொல்லி, சின்னப் பிள்ளைகள் வரை அது இறங்கிவிட்டது. 2019 திருத்தத்தில் பிரிவு 134ஏ சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு உதவி செய்தவர் மீது, அடிபட்டவருக்கு நேர்ந்த காயத்துக்கோ மரணத்துக்கோ சிவில் வழக்கும் போட முடியாது, கிரிமினல் வழக்கும் போட முடியாது. 2020இல் வந்த விதி 168இன்படி, உதவியவர் தன் பெயர், முகவரி, போன் நம்பரைச் சொல்ல வேண்டும் என்று போலீஸோ மருத்துவமனையோ கட்டாயப்படுத்தக் கூடாது. அவராக விரும்பினால் சாட்சியாகலாம். அப்போதும் அவர் சொல்லும் இடத்திலேயே, வீடோ அலுவலகமோ, விசாரித்துக்கொள்ளலாம். இதே விதியில் இன்னொரு வரி: அரசு, தனியார் எதுவானாலும் ஒவ்வொரு மருத்துவமனையும் இந்த உரிமைகளை இந்தி, ஆங்கிலம், வட்டார மொழி மூன்றிலும் வாசலில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும். அதாவது நம் ஊரில் தமிழில் பலகை இருந்தாக வேண்டும். நான் போன மருத்துவமனைகளில் பார்க்கிங் கட்டணப் பலகை பெரிதாக இருந்தது. இந்தப் பலகை என் கண்ணில் படவே இல்லை.

செலவுக்கும் பயப்பட வேண்டியதில்லை. 2021 டிசம்பர் 18 அன்று தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை இருக்கிறதா, எந்த ஊர்க்காரர் என்ற கேள்வியே கிடையாது. வேளச்சேரியில் கட்டட வேலைக்கு வந்த ஒடிசா இளைஞருக்கும் இது பொருந்தும். இத்தனை நல்ல ஏற்பாட்டைப் போட்டுவிட்டு, அடிபட்டவரைத் தூக்குகிறவருக்கு அது தெரியாமல் இருந்தால் என்ன பயன்?

வண்டி ஓட்டும் நாமும் யோக்கியம் என்று சொல்லிவிட முடியாது. 2023 நவம்பரில் சென்னைக்கு வேக வரம்பு அறிவித்தார்கள். கார் 60, டூவீலர் 50, ஆட்டோ 40, குடியிருப்புத் தெருக்களில் எந்த வண்டியானாலும் மணிக்கு 30 கிலோமீட்டர். எங்கள் தெருவில் 30இல் போவது குப்பை வண்டி மட்டும்தான். பத்தாவது படிக்கும் பையனிடம் ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்து டியூஷனுக்கு அனுப்புகிற பெற்றோர் பிரிவு 199ஏவைக் கட்டாயம் படிக்க வேண்டும். பிடிபட்டால் பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. 1,000 ரூபாய் ஹெல்மெட் அபராதம் தெரிந்த அளவுக்கு இது தெரியவில்லை.

வீட்டு வாடகை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கடையில் அதிகம் டைப் ஆவது அதுதான். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் எப்படி நடக்கிறது? 'வேறு ஒப்பந்தம் இருந்தாலொழிய' என்ற ஒரு வரி அதே பிரிவில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் பத்து மாதம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் மூன்று மாதம் காற்றில் போய்விடும். கையெழுத்துப் போடும் முன் இதைத் தெரிந்தவர் பேரம் பேசிப் பார்க்கலாம், தெரியாதவர் நீட்டிய இடத்தில் போட்டுவிடுவார். வாடகைத் தகராறு என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிப்பதை இந்தச் சட்டம் தடுக்கிறது. இதில் விதிவிலக்கு எதுவும் இல்லை.

மற்றவை சுருக்கமாக. ஒலிபெருக்கிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை தடை, திருவிழா நாட்களுக்கு மட்டும் அரசு தளர்வு தரலாம். தீபாவளிக்குப் பட்டாசு காலை 6–7, இரவு 7–8. பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய். அப்புறம், 2024 ஜூலை 1 முதல் குற்ற நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் புதிய சட்டம் வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் சுற்றும் 'உங்கள் உரிமைகள்' பட்டியலில் பாதி இன்னும் பழைய பிரிவு எண்களோடு திரிகிறது. புதிய சட்டத்தின் பிரிவு 179இன்படி, பெண்களையும் 60 வயதைத் தாண்டிய ஆண்களையும் சாட்சியாக விசாரிக்க ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, அவர்கள் வீட்டுக்குத்தான் போக வேண்டும். புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். நம் மாநிலத்தில் முதலில் கையில் தருவது, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது. எஃப்.ஐ.ஆர். வேறு, சி.எஸ்.ஆர். வேறு. இரண்டும் ஒன்று என்று நினைத்து மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அடுத்த முறை அபராத அட்டவணை போடும்போது பக்கத்தில் இன்னொரு பத்தி சேர்த்து, நமக்குச் சாதகமான பிரிவுகளையும் எண்ணோடு போடுங்கள். அது மத்தியச் சட்டமா மாநில விதியா, எந்தத் தேதி முதல் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் செய்தியாளர்களை ஒரு நாள் நகரின் மருத்துவமனை வாசல்களுக்கு அனுப்பி, விதி 168 சொல்லும் தமிழ்ப் பலகை எங்கெங்கே இருக்கிறது, எங்கெங்கே இல்லை என்று எழுதச் சொல்லுங்கள். அந்த விதியின் சாரத்தை வெட்டி எடுக்கும் அளவில் ஒரு கட்டம் கட்டி வெளியிட்டால், பெரிதாக்கி ஏ3 தாளில் பிரதி எடுத்துக் கேட்பவர்களுக்கு இலவசமாகக் கொடுக்க நான் தயார்.

இப்படிக்கு,
வாசகி,
புரசைவாக்கம், சென்னை