வழுக்கியது தரை, விழவைத்தது எது?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டில் பெரியவர் ஒருவர் விழுந்துவிட்டால், பார்க்க வருபவர்களிடம் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "பாத்ரூம் தரை ஈரமா இருந்துச்சு, வழுக்கிடுச்சு." அதே தரையில் அன்று காலை பேரனும் வழுக்கியிருக்கலாம். அவன் விழவில்லை. பாதம் நழுவிய கணத்தில் கணுக்கால் சுதாரித்தது, தொடை இறுகியது, மற்றக் கால் ஓர் எட்டு முன்னால் போய் உடலைத் தாங்கிக்கொண்டது. பாட்டியின் காலுக்கு அந்த வேகம் இல்லை. தரையைத் துடைப்பதோடு நின்றுவிடும் குடும்பங்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

65 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது விழுகிறார். ஒருமுறை விழுந்தவர் மீண்டும் விழும் வாய்ப்பு இன்னும் அதிகம். ஆனாலும் எலும்பு முறியாவிட்டால் யாரும் மருத்துவரிடம் போவதில்லை. பிள்ளைகளுக்குத் தெரிந்தால் வெளியே விடமாட்டார்கள் என்று மறைப்பவர்களும் உண்டு. அந்தப் பயம் வீண் என்று சொல்லிவிட முடியாது. "நீங்க எதுவும் செய்ய வேணாம்மா, உட்காருங்க" என்று ஆரம்பிப்பார்கள். தேக்கா சந்தைக்குப் போவது நிற்கும், துணி காயப்போடுவது பணிப்பெண் கைக்கு மாறும். அன்பினால் செய்வதுதான். சில வாரங்களில் தொடைத் தசை இளைத்து, அடுத்த முறை விழ அதுவே வழி செய்யும்.

கால் பலத்தை வீட்டிலேயே அளக்கலாம். சுமார் 43 செ.மீ. உயரமுள்ள, கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடிகளில் எத்தனை முறை முழுதாக நிமிர்ந்து எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கவேண்டும். 70 முதல் 74 வயதுள்ள பெண்ணுக்கு 10-க்கும் ஆணுக்கு 12-க்கும் குறைந்தால் பலம் போதவில்லை. இன்னொன்று: நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் வழக்கமான நடையில் போய், திரும்பி வந்து உட்கார 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் அபாயம் உண்டு.

சோதனையே பயிற்சியும்கூட. காலை 10 முறை, மாலை 10 முறை எழுந்து உட்காரலாம். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கலாம். ஒரு பாதத்தின் முன்னால் மற்றப் பாதத்தை ஒட்டிவைத்து 10 விநாடி நிற்கலாம். "நான்தான் தினமும் நடக்கிறேனே" என்பார்கள். நடப்பது நெஞ்சுக்கு நல்லது, ஆனால் சமநிலையை அது மட்டும் வளர்க்காது. புளோக்கின் கீழ்த்தளத்தில் காலையில் தாய்ச்சி என்ற மெதுவான சீன உடற்பயிற்சி செய்பவர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள்.

அடுத்தது ரத்த அழுத்தம். படுக்கையிலிருந்து சட்டென்று எழும்போது ரத்தம் காலில் தங்கி, மூளைக்குப் போவது குறைகிறது, கண் இருட்டுகிறது. 5 நிமிடம் படுத்திருந்தபின் ஒருமுறையும், எழுந்து நின்று 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் அளந்து பாருங்கள். மேல் எண் 20 குறைந்தாலோ கீழ் எண் 10 குறைந்தாலோ மருத்துவரிடம் சொல்லியாகவேண்டும். சம்மணமிட்டுப் பூசை செய்துவிட்டு எழுபவர்களும், விரதம் இருப்பவர்களும் இதில் கூடுதல் கவனம் எடுக்கவேண்டும். விரதத்தில் நீரிழிவு மாத்திரையை வழக்கம்போல் போட்டால் சர்க்கரையும் இறங்கலாம். இரவில் சிறுநீர் கழிக்க எழுபவர், கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பாதங்களை 20 முறை மேலும் கீழும் ஆட்டிவிட்டுப் பிறகு நிற்கட்டும்.

மாத்திரைகளும் விழவைக்கும். தூக்க மாத்திரை, சளிக்கும் அரிப்புக்கும் தரும் மயக்கம் தரும் மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, ஆண்களுக்குப் புரோஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் மாத்திரை எல்லாம் இந்த வரிசையில் வரும். பலதுறை மருந்தகத்தில் வாங்கியது, தனியார் மருந்தகத்தில் வாங்கியது, ஊரிலிருந்து வந்த சூரணம் என எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். தூக்க மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

குளியலறைக்கு வருவோம். 2012ல் தொடங்கிய 'ஈஸ்' திட்டத்தில், 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயதுள்ளவர் இருக்கும் சிங்கப்பூரர் குடும்பங்களுக்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) தன் அடுக்குமாடி வீடுகளில் கைப்பிடிக் கம்பிகளைப் பொருத்தி, தரையை வழுக்காதபடி பதப்படுத்தித் தருகிறது. வீட்டின் வகையைப் பொறுத்துச் செலவில் 87.5 முதல் 95 விழுக்காடு வரை அரசாங்கம் ஏற்கிறது. 2024 முதல் மடக்கும் குளியல் இருக்கையும் குளியலறை வாசல் திண்டைத் தாழ்த்துவதும் சேர்ந்துள்ளன. கம்பியை எங்கே பொருத்துவது என்று கேட்டால், பெரியவரையே உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். கை தானாக எங்கே தேடுகிறதோ அங்கே குறி போடுங்கள். துண்டு போடும் கம்பி உடல் பாரத்தைத் தாங்காது. உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர்க் கம்பியையும் நம்பவேண்டாம்.

பதப்படுத்திய தரையையும் நம் எண்ணெய்க் குளியல் தோற்கடித்துவிடும். நல்லெண்ணெயும் சீயக்காயும் சேர்ந்தால் தரைமேல் ஒரு படலம் படியும். எண்ணெயை இருக்கையில் உட்கார்ந்தே தேய்த்துக்கொள்ளலாம்; உள்ளங்காலைக் கடைசியில் தேய்த்து, எழுமுன் சோப்பால் கழுவிவிடவேண்டும். பிறகு தரையைப் பாத்திரம் கழுவும் திரவமும் வெந்நீரும் ஊற்றித் தேய்க்கவேண்டும்.

வெளியே போகும்போது, கிட்டப்பார்வை, தூரப்பார்வை இரண்டும் சேர்ந்த கண்ணாடி படிக்கட்டில் காலடியை மங்கலாக்கும் என்பதை நினைவில் வையுங்கள். சாலை கடக்கும் இடத்தில் 'கிரீன் மேன் பிளஸ்' கருவியில் மூத்தோர் அட்டையைத் தட்டினால் 3 முதல் 13 விநாடி கூடுதலாகக் கிடைக்கும், ஓடவேண்டியதில்லை.

இவ்வளவு செய்தும் விழுந்துவிட்டால், அக்குளில் கைகொடுத்து இழுத்துத் தூக்காதீர்கள். இடுப்பு வலித்து, ஒரு கால் குட்டையாகி வெளிப்புறம் திரும்பியிருந்தால் அசைக்காமல் ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள். ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து உண்பவர் தலையில் அடிபட்டால், வலி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போகவேண்டும். அடி இல்லையென்றால், ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, நான்கு காலில் தவழ்ந்து ஒரு கனமான நாற்காலியிடம் போகச் செய்யுங்கள். கைகளை இருக்கையில் ஊன்றி, பலமான காலை முன்வைத்து எழுந்து, மெல்லத் திரும்பி உட்காரட்டும்.

தனியாக இருப்பவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்தால் தசை நசிந்து சிறுநீரகம் வரை பாதிப்பு போகலாம். ஆகவே கைப்பேசியைக் குளியலறையில் தரையிலிருந்து எட்டும் உயரத்தில் வைக்கவேண்டும். கதவைச் சாத்தினால் போதும், தாழ்ப்பாள் போடவேண்டாம்.

இப்படிக்கு,
மூத்தோர் பராமரிப்புத் துறை வாசகர்
ஈசூன்