கயிறு இல்லாததாகப் பார்த்து வாங்கு

அன்புள்ள தோழிக்கு,

போன கடிதத்துக்கே நான் பதில் போடவில்லை, தெரியும். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன், அதையும் கணக்கில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். அவருக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. சின்னவன் வேலை மாறிவிட்டான், முகத்தில் ஒரு தெளிவு வந்திருக்கிறது. அக்கா அப்படியேதான் இருக்கிறாள், உனக்குத் தெரியாததா. டீச்சரைப் போய்ப் பார்த்தேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

மகளும் பேத்தியும் அடுத்த மாதம் வந்து தங்கப்போகிற அறையில் வெயில் நேராக அடிக்கிறது, உருளையில் சுருட்டி ஏற்றி இறக்குகிற துணித் திரை, அதுதான் ரோலர் பிளைண்ட், போட வேண்டும், ஆளைக் கூப்பிடட்டுமா, நாமே மாட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அதற்குக் கீழே போகிற போக்கில் ஒரு வரி: பேத்திக்கு வெளிச்சமாக இருக்கட்டும் என்று கட்டிலை ஜன்னலை ஒட்டிப் போட்டாயிற்று, பழைய பிளைண்டின் கயிற்றை ஆட்டி விளையாடிக்கொண்டிருப்பாள் என்று. அந்த வரிக்காகத்தான் எல்லா வேலையையும் ஒதுக்கிவிட்டு எழுதுகிறேன். கட்டிலை முதலில் அங்கிருந்து எடு. ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால் மாட்டுகிற விஷயத்தை முடித்துவிடலாம், இல்லாவிட்டால் நீ பாதியிலேயே இஞ்சு டேப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவாய்.

நாமே மாட்டலாம், தாராளமாக. எங்கள் வீட்டில் எல்லா அறைக்கும் நான்தான் மாட்டினேன். ஆள் வைத்து மாட்டியது வரவேற்பறை ஜன்னல் ஒன்றுதான், விழுந்ததும் அது ஒன்றுதான். நடுராத்திரியில் தடால் என்று சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் உருளையைச் சுவரில் தாங்குகிற பிராக்கெட் திருகோடு கழன்று தரையில் கிடக்கிறது. திருகை எடுத்துப் பார்த்தேன். மரை முழுக்க வெள்ளையும் சாம்பலுமாகப் பூச்சுத் தூள். செங்கல்லின் சிவப்பு ஒரு துளிகூட இல்லை. அதாவது, துளை சுவருக்குள் போகவே இல்லை, சிமெண்டுப் பூச்சிலேயே நின்றுவிட்டிருக்கிறது. காசையும் வாங்கிக்கொண்டு இப்படிச் செய்துவிட்டுப் போகிறார்களே என்று அன்றைக்கு வந்த ஆத்திரத்தில்தான் டிரில்லைக் கையில் எடுத்தேன்.

முதலில் அளவு. இதில் அவசரப்படாதே. ஜன்னல் குழிக்கு, அதாவது சுவரில் ஜன்னல் உள்வாங்கி இருக்கிற இடத்துக்கு, உள்ளேயே பிளைண்ட் உட்கார வேண்டும் என்றால் அகலத்தை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் எடுத்து, இருப்பதில் சிறியதைக் குறித்துக்கொள். உயரத்தையும் இடது, நடு, வலது என்று மூன்று இடத்தில் எடு. அதில் பெரியதை எடுத்துக்கொள். எல்லா அளவும் மில்லிமீட்டரில். அப்புறம் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்து பார். செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் இரண்டும் சமம் என்று டீச்சர் நம்மை எழுப்பி எழுப்பிக் கேட்டாரே, அந்தக் கணக்கு இங்கேதான் கைகொடுக்கிறது. இரண்டும் ஒன்றாக வந்தால் குழி நேராக இருக்கிறது. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் குழி கோணல், உள்ளே மாட்டினால் ஓரம் உரசும். அப்போது ஜன்னலுக்கு வெளியே, சுவரின் மேல் மாட்டிவிடு. பக்கத்துக்கு ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் கூடுதலாகத் துணி இருந்தால் வெளிச்சமும் ஓரத்தில் கசியாது.

இன்னொன்று. உள்ளே மாட்டுவதற்கு ஆர்டர் கொடுக்கும்போது "இது குழி அளவா, பிளைண்ட் அளவா" என்று கேட்பார்கள். நீ அளந்ததை அப்படியே கொடுத்து, குழி அளவு என்று சொல். உரசாமல் இருக்க எவ்வளவு குறைக்க வேண்டுமோ அவர்களே குறைத்துக்கொள்வார்கள். நீயும் முன்ஜாக்கிரதையாக ஒரு சென்டிமீட்டர் குறைத்துக் கொடுத்தால் இரண்டு தடவை குறைந்து, பக்கவாட்டில் வெயில் கோடு கோடாக உள்ளே வரும். துணியின் அகலம் எப்படியும் பிராக்கெட்டோடு சேர்ந்த மொத்த அகலத்தைவிட மூன்று நான்கு சென்டிமீட்டர் குறைவாகத்தான் இருக்கும். பகலில் குழந்தை தூங்க அறை இருட்டாக வேண்டும் என்றால் வெளியே மாட்டுவதுதான் சரி.

ஜன்னல் கைப்பிடி எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கிறது என்றும் பார்த்துவிடு. துணி வழக்கமாக உருளையின் பின்பக்கமாக, கண்ணாடியை ஒட்டி இறங்கும். கைப்பிடி இடித்தால் முன்பக்கமாக இறங்கும்படி கேட்டு வாங்கலாம்.

துளை போடுவதற்கு நீ பயப்படுவாய் என்று தெரியும். ஆறாவது மாடி விவகாரத்தில் துளிகூடப் பயப்படாதவள் இதற்குப் போய்ப் பயப்படுவதா? செங்கல், கான்கிரீட் இரண்டுக்கும் ஹேமர் டிரில் வேண்டும், திருகு பிடிப்பதற்காகத் துளைக்குள் செருகுகிற பிளக் ஆறு மில்லிமீட்டர் என்றால் ஆறு மில்லிமீட்டர் பிட். பிளக்கின் நீளத்தோடு பூச்சின் கனத்தையும் சேர்த்து, பிட்டில் அந்த இடத்தில் ஒரு துண்டு டேப்பைச் சுற்றிக்கொள். டேப் சுவரைத் தொடும்வரை உள்ளே போக வேண்டும். மெதுவாக ஆரம்பி, பூச்சு பெயராது. கொட்டுகிற தூளைக் கவனித்துக்கொண்டே இரு. முதலில் வெளுப்பாக வரும், செங்கல் வந்ததும் சிவக்கும். அந்தச் சிவப்பைப் பார்க்கும்போது வருகிற நிம்மதி இருக்கிறதே, அதை நீயும் அனுபவிக்க வேண்டும்!

ஜன்னலுக்கு நேர் மேலே என்றால் லிண்டல், அதாவது சுவரின் பாரத்தைத் தாங்குகிற கான்கிரீட் உத்தரம், தூள் சாம்பல் நிறத்தில் வரும், அழுத்தம் அதிகம் வேண்டும். திடீரென்று பிட் கிறீச்சிட்டு நின்றால் உள்ளே கம்பி இருக்கிறது என்று அர்த்தம். அதோடு மல்லுக்கு நிற்காதே, ஓர் அங்குலம் தள்ளிப் போடு. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் கைவைக்கவே கூடாது, வயர் அந்த வழியாகத்தான் போகும். யுபிவிசி என்கிற பிளாஸ்டிக் சட்டம் போட்ட ஜன்னல் என்றால் சட்டத்தில் துளை போடாமல் இருப்பது நல்லது. உள்ளே தண்ணீர் வடிகிற பாதை இருக்கிறது, வாரண்டியும் போய்விடலாம். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள். ஏணியைப் பிடிக்க உன் வீட்டுக்காரரைக் கூப்பிடு, அவர் வேடிக்கை பார்த்தது போதும்.

ஒரு பிராக்கெட்டை மாட்டிவிட்டு, அங்கிருந்து ரசமட்டம் வைத்து அடுத்ததைக் குறி. மேல்தளத்திலிருந்து அளந்து குறிக்காதே, தளமே சமமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு பக்கம் இம்மியளவு இறங்கினாலும் சுருட்டச் சுருட்டத் துணி ஒரு பக்கமாக நகர்ந்து போய் ஓரம் பிராக்கெட்டில் உரசிப் பிசிறு விடும். மட்டம் சரியாக இருந்தும் நகர்ந்தால், துணியை முழுக்க இறக்கி, எந்தப் பக்கம் அது வர வேண்டுமோ அந்தப் பக்கத்து உருளையில் சின்னத் துண்டு டேப்பை ஒட்டி மறுபடி சுருட்டு. அந்த ஓரம் ஒரு நூல் பருமனானதும் துணி தானாகத் தன் இடத்துக்கு வந்துவிடுகிறது. இதைக் கண் எதிரே பார்த்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

வெயிலுக்குத் துணியின் பின்பக்கம், அதாவது கண்ணாடியைப் பார்க்கிற பக்கம், வெள்ளையாக இருக்கட்டும். வந்த வெளிச்சத்தில் ஒரு பங்கைக் கண்ணாடி வழியாகவே திருப்பி அனுப்பிவிடும். கறுப்பாக இருந்தால் சூட்டை அதுவே குடித்து அறைக்குள் விடும். எப்படியும் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயிலைத்தான் பிளைண்ட் தடுக்கிறது. வெளியிலேயே ஒரு மறைப்பு போட முடிந்தால் அதற்கு ஈடில்லை.

சரி, இப்போது கயிறு.

ரோலர் பிளைண்டில் பக்கவாட்டில் மணிச் சங்கிலி வளையமாகத் தொங்கும், பழைய பலகைப் பிளைண்டில் இழுகயிறு தொங்கும். தவழ ஆரம்பித்த குழந்தையிலிருந்து நாலைந்து வயது வரைக்கும் அது எமன். சும்மா பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அந்த வயதில் உடம்போடு பார்த்தால் தலை கனம், கழுத்துத் தசைக்குப் பலம் போதாது. விளையாட்டாகத் தலையை வளையத்துக்குள் விட்டு, கால் வழுக்கினால் போதும், தானாக நிமிர்ந்து வெளியே வரத் தெரியாது. மூச்சுக்குழாய் சின்னது, மென்மையானது, அதை அடைக்கப் பெரிய பாரம் தேவையில்லை. கழுத்து இறுகிவிட்டால் சத்தமும் வராது. அதுதான் என்னை அதிகமாகக் கலங்கடிப்பது. நீ பக்கத்து அறையில் இருப்பாய், உனக்கு எதுவும் கேட்காது. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

அமெரிக்காவில் மட்டும் ஐந்து வயதுக்குள் இருக்கிற குழந்தைகளில் ஆண்டுக்குச் சராசரியாக ஒன்பது பேர் இப்படிப் போகிறார்கள் என்று அந்த நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமே சொல்கிறது. கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிற வீடுகளிலும் இது நடக்கலாம். அங்கே 2018 டிசம்பரிலிருந்து கடையில் தயாராக விற்கிற பிளைண்டுகளில் கயிறே இருக்கக் கூடாது, இருந்தாலும் குழந்தை கைக்கு எட்டக் கூடாது என்று தரவிதி கொண்டுவந்தார்கள். 2024 ஜூனிலிருந்து அளவு கொடுத்துச் செய்கிறவற்றுக்கும் விதியை இறுக்கிவிட்டார்கள். கனடாவில் 2022 மே முதல் எட்டுகிற கயிறு 22 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அந்த 22 எதற்கு என்று யோசித்துப் பார். குழந்தையின் கழுத்தைச் சுற்றிவர அதற்கு மேல் நீளம் வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன்.

இத்தனைக்கும் கயிறு இல்லாமல் பிளைண்ட் செய்ய முடியாதா என்ன? உருளைக்குள் சுருள்வில் வைத்து, கீழே இழுத்து விட்டால் தானே சுருட்டிக்கொள்கிற அமைப்புக்கு ஸ்டூவர்ட் ஹார்ட்ஸ்ஹார்ன் என்கிற அமெரிக்கர் 1864-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். அதற்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டு எதற்காகக் கயிற்றைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தோம்? எனக்குக் கோபம் கோபமாக வருகிறதடி.

ஆகவே நீ வாங்குவது சுருள்வில் வைத்ததாகவோ, மோட்டார் வைத்ததாகவோ இருக்கட்டும். "சங்கிலிதான் நீண்ட நாள் உழைக்கும்" என்று யார் சொன்னாலும் கேட்காதே. சங்கிலிதான் கிடைக்கிறது என்றால், கூடவே வருகிற பிடிப்பானைச் சுவரில் திருகு போட்டு, சங்கிலி விறைப்பாக நிற்கும்படி பொருத்தியே ஆக வேண்டும். அந்தப் பிடிப்பானைப் பலர் பெட்டியோடு தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். தனிக் கயிறாக இருந்தால் தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்குக் குறையாத உயரத்தில் ஒரு கொக்கி அடித்து, ஒவ்வொரு தடவையும் முழுக்கச் சுற்றி வை. எல்லாம் செய்தாலும் கட்டில், சோபா, நாற்காலி எதுவும் ஜன்னல் பக்கத்தில் வேண்டாம். ஏறுவதற்கு ஒரு படி கிடைத்தால் அவளுக்கு ஒன்றரை மீட்டர் ஒரு உயரமே இல்லை.

பின்னறையில் முன்பிருந்தவர்கள் விட்டுப்போன வெள்ளைப் பிளாஸ்டிக் பிளைண்ட் இருக்கிறதே, அதைக் கழற்றி எறிந்துவிடு. 1996-ல் பழைய வினைல் பிளைண்டுகள் பலவற்றில் ஈயம் இருப்பதை அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். வெயில் பட்டுப் பிளாஸ்டிக் சிதையச் சிதைய ஈயத்தூள் மேலே படிகிறது, குழந்தை தொட்ட கையை வாயில் வைக்கிறது. உன்னுடையது எந்தக் காலத்தது என்று உனக்கே தெரியாது. ஆராய்ந்துகொண்டிருக்காதே, எடுத்துவிடு. ஈரத்துணியால் ஜன்னல் கட்டையையும் துடை.

டீச்சர் நன்றாக இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம், கண் அப்படியே கூர்மை. பேச்சுக்குப் பேச்சு உன்னைப் பற்றித்தான் கேட்டார். மூணாவது பெஞ்சு ஒப்பந்தத்தை அவர் அப்போதே கண்டுபிடித்துவிட்டாராம்! நீ வந்து நேரில் விளக்கம் சொல்ல வேண்டும் என்கிறார். மகள் வந்ததும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு எல்லோருமாகப் போய்ப் பார்க்கலாம்.

ஜன்னலின் ஆறு அளவுகளையும், இரண்டு மூலைவிட்டங்களையும் எழுதி அனுப்பு. பழைய பிளைண்டின் கயிறு எப்படித் தொங்குகிறது என்று ஒரு போட்டோவும் வேண்டும். கட்டிலை நகர்த்திவிட்டேன் என்ற பதில் அதற்கு முன்னால் வர வேண்டும்.

உன் அன்புத் தோழி

பி.கு.: டிரில் வாங்காதே, என்னுடையதை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். முதல் துளையை நீ போடு, இரண்டாவதை வேண்டுமானால் நான் போடுகிறேன்.