எட்டாம் நாள் ஸ்கேனைப் பார்த்து யாரும் வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புற்றுநோயாளிகளுக்கு வரும் பூஞ்சைத் தொற்று பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நோய் எப்படி வருகிறது, என்ன மருந்து என்பதெல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிறவன் கேட்கும் ஒரே கேள்வி அதில் இல்லை: பிழைப்பானா, மாட்டானா? 2023 பங்குனியும் சித்திரையும் அந்தக் கேள்வியோடு சென்னையில் கிடந்தவன் நான். அதனால் எழுதுகிறேன்.

திருவண்ணாமலை வட்டாரத்தில் 31 வருடம் எல்.ஐ.சி. முகவராக இருந்தவன். சாவின் கணக்கு எனக்குப் புதிதல்ல. பிரிமியம் எல்லாமே ஒரு மரண அட்டவணையிலிருந்துதான் வருகிறது. இந்த வயதில் ஆயிரம் பேர் இருந்தால் ஒரு வருடத்தில் எத்தனை பேர் போவார்கள் என்று அது சொல்லும். யார் போவார் என்று சொல்லாது. வயது, தொழில், எடை, சர்க்கரை, அப்பா எத்தனை வயதில் காலமானார் என்று பாலிசி போடும் அன்றைக்கு ஒரு தடவை கேட்போம். அப்புறம் கேட்கமாட்டோம். பூஞ்சைக் கணக்கு அப்படி இல்லை; அதை ஒவ்வொரு வாரமும் புதிதாகப் போட வேண்டும். இதை எங்களுக்கு முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால், கிட்டத்தட்ட ஒரு கொலையைச் செய்யும் இடம் வரை போயிருக்கமாட்டோம்.

என் தங்கை மகனுக்கு அப்போது 36 வயது. ஆரணிப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறான். பல் ஈறில் ரத்தம் நிற்கவில்லை என்று போனவனுக்கு ஏ.எம்.எல். என்னும் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. சென்னையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். (பெயர் வேண்டாம். அங்கே நல்லவர்களும் இருந்தார்கள்.) ஏழு நாள் இரவு பகலாக ஒரு மருந்து ஏறியது, அதில் மூன்று நாள் சிவப்பாக இன்னொன்றும் சேர்ந்து ஏறியது. கெட்ட அணுவோடு நல்ல அணுவும் அழியும், அதுதான் இந்த வைத்தியம் என்றார்கள். கிருமியோடு சண்டை போடும் நியூட்ரோபில் என்ற வெள்ளை அணு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1,500க்கு மேல் இருக்க வேண்டும். 500க்குக் கீழே போனால் ஆபத்து. இவனுக்கு இரண்டு வாரம் பூஜ்யத்தை ஒட்டியே கிடந்தது.

பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் வந்தது. ஆன்டிபயாடிக் போட்டும் ஐந்து நாள் இறங்கவில்லை. நெஞ்சை ஸ்கேன் எடுத்தார்கள். வலது நுரையீரலில் இரண்டு கட்டி. ஒவ்வொன்றையும் சுற்றி மங்கலாக ஒரு வளையம். நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டுமே, அதே மாதிரி. 'அகல் வட்டம் பகல் மழை' என்று எங்கள் ஊரில் அதைப் பார்த்து மழை சொல்வார்கள். டாக்டர்கள் இந்த வட்டத்தைப் பார்த்து ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை என்று சந்தேகப்பட்டார்கள். கட்டியைச் சுற்றிக் கசிந்த ரத்தம்தான் அந்த வளையமாம். அது தெரிகிற கட்டத்திலேயே மருந்தைத் தொடங்கியவர்கள் கூடுதலாகப் பிழைத்திருக்கிறார்கள் என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். கேலக்டோமன்னன் என்று ஒரு ரத்தப் பரிசோதனை. பூஞ்சையின் செல் சுவரிலிருந்து உதிர்கிற ஒரு சர்க்கரையை அளக்கிறது. 0.5ஐத் தாண்டினாலே பாசிட்டிவ். இவனுக்கு 3.2. அன்று மாலையே வோரிகோனசோல் என்ற பூஞ்சை மருந்தை ஏற்றினார்கள்.

நெல் தூசியில்தான் வந்தது, ஆலை வேலைக்கு விட்டதே தப்பு என்று தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். அப்படிச் சொல்ல முடியாது, இந்தப் பூஞ்சையின் வித்து நம் எல்லார் மூச்சிலும் தினமும் போகிறது, வெள்ளை அணு இருக்கிறவனுக்கு ஒன்றும் ஆவதில்லை என்றார் டாக்டர். இருக்கலாம். ஆனால் எங்கள் வார்டு ஜன்னலுக்கு எதிரே பழைய கட்டடம் ஒன்றை இடித்துக்கொண்டிருந்தார்கள், ஜன்னல் கொக்கி சரியாக மாட்டாது, நான் செய்தித்தாளை மடித்துச் செருகிவைத்திருந்தேன் என்பதையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். கட்டட இடிபாட்டுத் தூசிக்கும் இந்தப் பூஞ்சைக்கும் உள்ள உறவு மருத்துவ உலகம் நன்றாக அறிந்த விஷயம்.

எட்டாம் நாளுக்கு வருகிறேன். மருந்து தொடங்கிய எட்டாம் நாள். மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு கட்டி நான்காகியிருந்தது. முதலில் கோலிக்குண்டு அளவில் இருந்தது எலுமிச்சை அளவுக்கு வந்திருந்தது. ரிப்போர்ட்டை வாங்கிப் படித்த ஒருவர், நின்றபடியே, "மருந்து கேட்கலைங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். அவ்வளவுதான்.

அந்த ஒரு வாக்கியத்தில் குடும்பம் உடைந்தது. மச்சான் வெளியே போய் ஆம்புலன்ஸ் வாடகை விசாரித்தார். "எம்புள்ள நம்ம வாசல்லயே போகட்டும்ணே, இங்க வேணாம்" என்றாள் தங்கை. தாய்மாமன் நான், முடிவு என் தலையில். சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போகிறோம் என்ற தாளை, அதுவும் ஆங்கிலத்தில், என் கையில் கொடுத்துவிட்டார்கள். என்னிடம் பேனா இருந்தது. முகவரிடம் எப்போதும் பேனா இருக்கும்.

இரவுப் பணிக்கு வந்த இளம் டாக்டரம்மா ஒருவர்தான் நிறுத்தினார். ஃபைலைப் புரட்டி, ஐந்தாம் நாள் எடுத்த கேலக்டோமன்னன் ரிப்போர்ட்டைக் கண்டுபிடித்தார். அன்று காலையே வந்து சொருகப்பட்டிருக்கிறது, யாரும் சொல்லவில்லை. 2.4. அவர் என் பையிலிருந்த மருந்துக்கடை பில் ஒன்றை வாங்கி, பின்பக்கத்தில் மூன்று கோடு போட்டார். ஒன்று ஸ்கேன், ஒன்று வெள்ளை அணு, ஒன்று இந்தப் பரிசோதனை.

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். முதல் வாரத்தில் கட்டி பெரிதாவது, மருந்து வேலை செய்கிறவர்களுக்கும் நடக்கிற ஒன்று. பெரிதாகும், அப்புறம் அப்படியே நிற்கும், அப்புறம்தான் சுருங்கும். அதனால் எட்டாம் நாள் ஸ்கேனை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. ரத்தத்தில் பூஞ்சைச் சர்க்கரை இறங்குகிறதா என்று பாருங்கள், இறங்குகிறது. இனி நியூட்ரோபில் ஏறுகிறதா என்று பாருங்கள். அது ஏறாவிட்டால்தான் எனக்குப் பயம். கூடவே, அடியில் உள்ள ரத்தப் புற்றுநோய் கட்டுக்குள் வந்ததா என்பது நாலாவது கோடு, அதை இப்போது போட முடியாது, எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்த பிறகு போடலாம்.

என் மகள் பார்மசி படித்தவள். பின்னால் அவள் தேடிப் படித்துச் சொன்னாள்: பிரான்சில் திஜோன் நகர டாக்டர்கள் 2001இலேயே இதை அளந்து எழுதிவிட்டார்களாம். 25 நோயாளிகளைத் தொடர்ச்சியாக ஸ்கேன் எடுத்ததில், சிகிச்சை நடக்கும்போதே முதல் வாரத்தில் கட்டிகளின் கொள்ளளவு நாலு மடங்கானது. இரண்டாவது வாரத்தில் ஏறாமல் நின்றது. இருபது வருடத்துக்கும் மேலான விஷயம். வராந்தாவில் நிற்கிறவனுக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

நான் கையெழுத்துப் போடவில்லை. பதினோராம் நாள் நியூட்ரோபில் 420. எட்டாம் நாள் எடுத்த கேலக்டோமன்னனும் அன்றுதான் வந்தது, 1.5. பன்னிரண்டாம் நாள் இரவு இருமலில் ரத்தம் வந்தது. துண்டு முழுக்கச் சிவப்பு. செத்தோம் என்று நினைத்தேன். வெள்ளை அணு திரும்பி வரும்போது கட்டிக்குள் சண்டை நடக்கும், அந்த நாட்களில் ரத்தம் கசியலாம், சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகவும் போகலாம் என்று அதே டாக்டரம்மா முன்னமே சொல்லியிருந்ததால் தாக்குப்பிடித்தோம். பதிமூன்றாம் நாள் நியூட்ரோபில் 1,100. பதினைந்தாம் நாள் பூஞ்சைச் சர்க்கரை 0.7. அடுத்த ஸ்கேனில் கட்டிக்குள் பிறை போலக் காற்று தெரிந்தது. அது கெட்ட செய்தி இல்லை, செத்த திசு உள்ளே சுருங்கிப் பிரிகிறது என்றார்கள். முதலில் முழு நிலாக் கோட்டை, முடிவில் பிறை.

எங்கள் கதை நல்லபடி முடிந்ததால் நான் ஆடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பக்கத்துப் படுக்கையில் ஒரு பெரியவர், அவருக்கும் ரத்தப் புற்றுநோய்தான். அவருக்கு இதே கேலக்டோமன்னன் நெகட்டிவ் என்று வந்தபோது அவர் வீட்டம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வேண்டிக்கொண்டார். அவருக்கு வந்திருந்தது மியூகோர். 2021இல் கொரோனாவுக்குப் பிறகு ஊரெல்லாம் 'கருப்புப் பூஞ்சை' என்று அலறினோமே, அதுவேதான். இந்தப் பரிசோதனையில் அது படவே படாது. எங்களுக்கு ஏறிய வோரிகோனசோலும் அதன்மேல் வேலை செய்யாது. ஆம்போடெரிசின் என்ற வேறொரு பூஞ்சை மருந்துதான் வேண்டும், கொழுப்புத் துளியில் பொதிந்த ரகம் என்றால் கிலோவுக்கு 5 மில்லிகிராம், 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆறு குப்பி. அழுகின சதையை வெட்டியும் எடுக்க வேண்டும். அவருக்குக் கண்டுபிடிக்கவே தாமதமாகிவிட்டது. ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்து டாக்டர்கள் 2008இல் எழுதிய கணக்கு ஒன்று உண்டு. மியூகோர் வந்த ரத்தப் புற்றுநோயாளிகளில் ஆம்போடெரிசின் ஆறு நாளோ அதற்கு மேலோ தள்ளிப்போனவர்களில் நூற்றுக்கு 83 பேர் பன்னிரண்டு வாரத்துக்குள் இறந்திருக்கிறார்கள். அதற்கு முன்பே தொடங்கியவர்களில் 49 பேர். அந்த ஆறு நாளுக்குள் பூஞ்சையின் பெயர் தெரிந்தாக வேண்டும்.

எங்கள் ஆஸ்பர்ஜில்லஸுக்கும் கணக்கு உண்டு. வோரிகோனசோலைப் பழைய ரக ஆம்போடெரிசினோடு ஒப்பிட்டு 2002இல் வந்த பெரிய ஆய்வில், பன்னிரண்டாவது வாரம் உயிரோடு இருந்தவர்கள் 71 சதவீதம். பழைய மருந்தில் 58. நூற்றுக்கு 29 பேர் மூன்று மாதத்தில் போவார்கள் என்றால் எங்கள் தொழிலில் பிரபோசலையே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் அதுதான் நல்ல செய்தி! இந்த 71ஐ முதல் நாள் சொல்லியிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்காது. பதினைந்தாம் நாள், அணு ஏறி, சர்க்கரை இறங்கிய பிறகு, இவன் அந்த 71இல் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று ஓரளவு கண்ணுக்குத் தெரிந்தது.

ஆகவே நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. பூஞ்சை மருந்து தொடங்கும் அன்றைக்கே, குடும்பத்தில் முடிவெடுக்கும் ஆளைக் கூப்பிட்டு, தமிழில், 'ஒரு வாரத்தில் ஸ்கேன் மோசமாகத் தெரியும், பயப்படாதீர்கள், இந்த இரண்டு எண்ணைத்தான் பார்க்கப்போகிறோம்' என்று ஐந்து நிமிஷம் பேசுங்கள். எழுதியும் கொடுங்கள். தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தும் எங்களுக்கு ஒவ்வொரு கேலக்டோமன்னனும் மூன்று நாள் கழித்தே வந்தது, வெளியே அனுப்பி வாங்கினார்கள். போக்கைப் பார்க்க வேண்டிய பரிசோதனை மூன்று நாள் பழசாக வந்தால் எப்படி? ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் அரசு மருத்துவக் கல்லூரிகளில் இது மறுநாளே கிடைக்க வேண்டும். 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஆபத்தான 19 பூஞ்சைகளைப் பட்டியல் போட்டு, ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸை முதல் வரிசையிலும் மியூகோர் வகையை அடுத்த வரிசையிலும் வைத்தது. அரசுக்குக் காரணம் வேண்டுமென்றால் அது போதும். அப்புறம், அந்த ஜன்னல் கொக்கி.

வீட்டுக்கு வந்த பிறகும் மாதக்கணக்கில் மாத்திரை. சுவரில் பச்சையும் நீலமுமாகத் தேர் போகிறது என்றான் ஒருநாள். பேய் பிடித்துவிட்டது என்று தங்கை மந்திரிக்கக் கிளம்பினாள். வோரிகோனசோல் சிலருக்குக் கண்ணில் இப்படி விளையாட்டுக் காட்டுமாம். ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்துவிட்டுக் குறைத்தார்கள், தேர் நின்றது. நாலாவது கோடும் பரவாயில்லை. மஜ்ஜையில் புற்றுநோய் அணு கட்டுப்பட்டிருந்தது. பூஞ்சையால் அடுத்த கீமோ ஐந்து வாரம் தள்ளிப்போனதுதான் டாக்டர்களுக்குக் கவலை. இப்போது ஆலைக்குப் போகிறான். கணக்கு அறையோடு சரி, நெல் காயும் களத்துப் பக்கம் போவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சென்னை.

அந்த மருந்துக்கடை பில் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நீங்கள் அச்சிடுவதானால் படம் எடுத்து அனுப்புகிறேன். டாக்டர் கையெழுத்து என்பதால் எண்கள் மட்டும்தான் புரியும். பக்கத்தில் உள்ள தமிழ் என்னுடையது.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன், எல்.ஐ.சி. முகவர்,
திருவண்ணாமலை.